கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கி

கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கி என்பது நிறமற்ற, ஒளி ஊடுருவும் நுண்பொருள்களைச் சாயம் ஏற்றாமலேயே தெளிவாகக் காண உதவும் ஓர் ஒளியியல் கருவி ஆகும். ஆங்கிலத்தில் இது பேஸ் கான்ட்ராஸ்ட் மைக்ரோஸ்கோப் என வழங்கப்படுகிறது. உயிருள்ள உயிரணுக்கள் பெரும்பாலும் நீராலும் நிறமற்ற புரதங்களாலும் ஆனவை. தம் வழியே செல்லும் ஒளியை அவை ஏறத்தாழ உறிஞ்சுவதே இல்லை. சற்றே தாமதப்படுத்த மட்டுமே செய்கின்றன. இத்தாமதத்தை மனிதக் கண்ணால் உணர இயலாது. கண்ணுக்குப் புலப்படாத அத்தாமதத்தைப் புலப்படும் வெளிச்ச வேறுபாடாக மாற்றித் தருவதே இக்கருவியின் பணி.

இதற்கான முறையைக் கண்டறிந்தவர் நெதர்லாந்து நாட்டு இயற்பியலாளர் பிரிட்ஸ் செர்னிக்கே (1888–1966) ஆவார். குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அவர் 1930 ஆம் ஆண்டில் இதன் அடிப்படையைக் கண்டார். 1953 ஆம் ஆண்டின் இயற்பியலுக்கான நோபல் பரிசு இதற்காக அவருக்கு வழங்கப்பட்டது. உயிரணுக்களைக் கொல்லாமல் அவற்றின் இயக்கங்களைத் தொடர்ந்து காணும் வாய்ப்பை உயிரியலுக்கு அளித்த கருவிகளுள் இது முதன்மையானது.

பின்னணி

1670களில் ஆன்டனி வான் லீவன்ஹூக் தாம் செய்த ஒற்றை வில்லை நுண்ணோக்கியால் உயிருள்ள நுண்ணுயிர்களைக் கண்டார். அதன் பின்னர் நுண்ணோக்கிகளின் உருப்பெருக்கமும் பிரிதிறனும் படிப்படியாக உயர்ந்தன. ஆயினும் ஒரு சிக்கல் நீடித்தது. எவ்வளவு சிறந்த வில்லையைப் பயன்படுத்தினாலும், ஒளி ஊடுருவும் உயிரணு ஒன்று வெளிர்ந்த பின்னணியில் வெளிர்ந்த பொருளாகவே தோன்றியது. உருவம் பெரிதானதே தவிர, அதற்கும் பின்னணிக்கும் இடையிலான வேறுபாடு கூடவில்லை.

19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதற்குக் கிடைத்த தீர்வு சாயமேற்றல் ஆகும். ராபர்ட் கோக் 1882 ஆம் ஆண்டில் காசநோய்க் கிருமியைச் சாயமேற்றியே கண்டறிந்தார். 1884 ஆம் ஆண்டில் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வெளியிட்ட சாயமேற்றும் முறை இன்றும் பாக்டீரியாக்களை வகைப்படுத்தப் பயன்படுகிறது. உட்கருவினுள் காணப்படும் குரோமோசோம்கள் பெற்ற பெயருக்கும் சாயமே காரணம். நிறம், உடல் எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களிலிருந்து 1888 ஆம் ஆண்டில் இப்பெயர் உருவாக்கப்பட்டது. சாயத்தை ஈர்த்துக் கொண்டதால் கண்ணுக்குத் தெரிந்த பொருள் என்பதே இதன் கருத்து.

ஆனால் சாயமேற்றலுக்கு ஒரு விலை உண்டு. பெரும்பாலான முறைகளில் உயிரணுக்கள் முதலில் வெப்பத்தாலோ வேதிப்பொருள்களாலோ நிலைநிறுத்தப்படுகின்றன; அதாவது கொல்லப்படுகின்றன. எனவே ஆய்வாளர் காண்பது ஒரு கணத்தில் உறைந்துவிட்ட காட்சியை மட்டுமே. உயிரணு பிரிவது போன்ற நிகழ்வுகளை அறிய, வெவ்வேறு நிலைகளில் இறந்த பல உயிரணுக்களைப் பார்த்து, அவற்றை வரிசைப்படுத்தி ஊகிக்க வேண்டியிருந்தது. மேலும், காணப்படும் ஓர் அமைப்பு உயிரணுவில் இயல்பாகவே இருந்ததா, அல்லது வேதிப்பொருளின் விளைவாகத் தோன்றியதா என்ற ஐயமும் அடிக்கடி எழுந்தது.

சாயமின்றிக் காண விரும்பியவர்கள் இரு உத்திகளைக் கையாண்டனர். ஒன்று, ஒளிகுவிப்பியின் துளையைச் சுருக்குவது. மற்றொன்று, குவியத்தைச் சற்றே விலக்கி வைப்பது. இரண்டிலும் உயிரணுவின் வெளிவரை மங்கலாகத் தெரியும். ஆனால் நுண்விவரங்கள் அழிந்துவிடும். குவியம் சரியாக அமையும்போது பொருள் மறைந்துவிடும், விலகும்போது தெரியும். இந்த முரண்பாட்டின் காரணத்தை அறிவதே சிக்கலின் திறவுகோலாக அமைந்தது.

ஒளியின் வீச்சும் கட்டமும்

ஒளி ஓர் அலை. அதன் அதிர்வின் உயரம் வீச்சு எனப்படும். குறிப்பிட்ட ஒரு கணத்தில் அலை முகட்டில் உள்ளதா, அகட்டில் உள்ளதா, இடைப்பட்ட நிலையில் உள்ளதா என்பதைக் குறிப்பது கட்டம் எனப்படும். கண்புலனாகும் ஒளி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 400 முதல் 750 லட்சம் கோடி முறை அதிர்கிறது. இவ்வளவு விரைவான அதிர்வைக் கண்ணாலோ, ஒளிப்படத் தகட்டாலோ, இலக்கமுறை ஒளிப்படக் கருவியின் உணரியாலோ பின்தொடர முடியாது. அவை உணர்வது ஒளிச்செறிவை மட்டுமே. ஒளிச்செறிவு வீச்சின் இருமடியைப் பொறுத்தது. அதில் கட்டத்துக்கு இடமில்லை.

ஒரு பொருள் ஒளியை இருவகையில் மாற்றலாம். சாயமேற்றிய பொருள் ஒளியின் ஒரு பகுதியை உறிஞ்சி வீச்சைக் குறைக்கிறது. இது வீச்சுப் பொருள் எனப்படும். ஒளி ஊடுருவும் பொருள் வீச்சை மாற்றாமல் கட்டத்தை மட்டும் மாற்றுகிறது. இது கட்டப் பொருள் எனப்படும். சாயமேற்றாத உயிரணு ஏறத்தாழ முழுமையான கட்டப் பொருள் ஆகும்.

கட்ட மாற்றத்தின் அளவை எளிதில் கணக்கிடலாம். உயிரணு ஒன்றின் தடிமன் 5 மைக்ரோமீட்டர், அதன் ஒளிவிலகல் எண் 1.360, சூழ்ந்துள்ள நீர்மத்தின் ஒளிவிலகல் எண் 1.335 எனக் கொள்க. ஒளிவிலகல் எண்களின் வேறுபாடு 0.025. இதனைத் தடிமனால் பெருக்கினால் கிடைப்பது 0.125 மைக்ரோமீட்டர். உயிரணுவின் வழியே வந்த அலை, அதன் அருகே நீர்மத்தின் வழியே வந்த அலையைவிட இவ்வளவு தொலைவு பின்தங்கி இருக்கும். 550 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட பச்சை ஒளிக்கு இது ஓர் அலைநீளத்தின் கால்பங்கை ஒட்டிய அளவாகும். எனவே உயிரணுவைப் பற்றிய செய்தி ஒளியில் இல்லாமல் இல்லை. அது கண்ணால் படிக்க இயலாத வடிவில் உள்ளது.

கட்டப் பொருள் தெரியாததன் காரணம்

இதை அம்புக்குறிகளின் உதவியால் விளக்கலாம். பின்னணி ஒளியைக் குறிக்க 1 அலகு நீளமுள்ள அம்பு ஒன்றை வரைக. அம்பின் நீளம் வீச்சையும், அதன் திசை கட்டத்தையும் குறிக்கும். இனி, உயிரணுவின் மெல்லிய ஒரு பகுதி ஒளியை 0.1 ரேடியன் அளவுக்குத் தாமதப்படுத்துகிறது எனக் கொள்க. இது ஓர் அலைநீளத்தின் ஏறத்தாழ 63 இல் ஒரு பங்கு. பச்சை ஒளியில் சுமார் 9 நானோமீட்டர். இப்பகுதியின் வழியே வந்த ஒளியைக் குறிக்கும் அம்பு, முதல் அம்பிலிருந்து ஏறத்தாழ 6 பாகை திரும்பியிருக்கும். ஆனால் அதன் நீளமும் 1 அலகே. இரண்டு அம்புகளும் ஒரே நீளம் கொண்டவை ஆதலால் ஒளிச்செறிவு ஒன்றே. கண்ணுக்கு எவ்வேறுபாடும் தெரிவதில்லை.

திரும்பிய அம்பை இரு அம்புகளின் கூட்டாகக் கருதலாம். ஒன்று, திரும்பாத பழைய அம்பு. மற்றொன்று, அதன் முனையிலிருந்து புதிய அம்பின் முனைவரை செல்லும் சிறு அம்பு. இச்சிறு அம்பின் நீளம் ஏறத்தாழ 0.1, அது பெரிய அம்புக்கு ஏறத்தாழச் செங்குத்தாக உள்ளது. இயற்பியலில் இது வெறும் கணக்கு உத்தி அன்று. பெரிய அம்பு, பொருளால் மாற்றப்படாமல் நேரே செல்லும் ஒளியைக் குறிக்கிறது. சிறிய அம்பு, பொருளால் விளிம்பு விளைவுக்கு உட்பட்டுப் பல திசைகளில் விலகிச் செல்லும் ஒளியைக் குறிக்கிறது. பொருளைப் பற்றிய செய்தி முழுவதும் இந்தச் சிறிய அம்பிலேயே உள்ளது.

செங்குத்தாக அமைந்த சிறிய அம்பு பெரிய அம்பைத் திருப்புமே தவிர, நீட்டவோ குறுக்கவோ செய்யாது. அதாவது நேரொளிக்கும் விலகிய ஒளிக்கும் இடையே கால் அலைநீளக் கட்ட வேறுபாடு இருப்பதே பொருள் தெரியாமைக்குக் காரணம். ஆகவே பெரிய அம்பை மட்டும் தனியே மேலும் கால் சுற்றுத் திருப்பினால், இரண்டும் ஒரே கோட்டில் வந்துவிடும். எதிர்த் திசையில் அமைந்தால் வீச்சு 1 - 0.1 = 0.9 ஆகும், ஒளிச்செறிவு அதன் இருமடியான 0.81 ஆகும். தெரியாமல் இருந்த பகுதி பின்னணியைவிட 19 விழுக்காடு இருண்டு தோன்றும்.

இன்னும் ஒரு படி செல்லலாம். பெரிய அம்பின் நீளத்தைப் பாதியாகக் குறைத்தால் பின்னணியின் வீச்சு 0.5, பொருளின் வீச்சு 0.4 ஆகும். ஒளிச்செறிவுகள் முறையே 0.25, 0.16. இப்போது பொருள் பின்னணியைவிட 36 விழுக்காடு இருண்டு தோன்றும். காட்சி முழுவதும் மங்கலாகும். ஆனால் வேறுபாடு கூடும். இதனாலேயே இக்கருவியில் நேரொளியின் கட்டத்தை மாற்றுவதோடு அதன் செறிவும் குறைக்கப்படுகிறது.

கண்டுபிடிப்பு

செர்னிக்கே நுண்ணோக்கி வல்லுநர் அல்லர். ஆம்ஸ்டர்டாமில் பிறந்து அங்கேயே வேதியியல் பயின்ற அவர், 1913 ஆம் ஆண்டில் குரோனிங்கனில் வானியலாளர் யாகோபஸ் காப்டைனின் உதவியாளராகச் சேர்ந்தார். 1920 ஆம் ஆண்டில் அங்குக் கோட்பாட்டு இயற்பியல் பேராசிரியரானார். அவருடைய ஆர்வங்களுள் ஒன்று விளிம்பு விளைவுக் கீற்றணி. நெருக்கமான இணைகோடுகள் கீறப்பட்ட இப்பரப்பு, ஒளியை அதன் நிறங்களாகப் பிரித்து நிறமாலையைத் தருகிறது. கோடுகளைக் கீறும் எந்திரத்தின் திருகில் சிறு பிழை இருந்தால், சில கோடுகள் தம் இடத்திலிருந்து மிகச் சிறிது விலகி அமையும். இதன் விளைவாக, உண்மையான நிறமாலைக் கோட்டின் இருபுறமும் போலிக் கோடுகள் தோன்றும்.

1930 ஆம் ஆண்டில் அவருடைய ஆய்வகத்தில் ஒரு பெரிய குழிவுக் கீற்றணி நிறுவப்பட்டது. நிறமாலைக் கோடு விழும் இடத்தில் கண்ணை வைத்துக் கீற்றணியை நோக்கியபோது அதன் பரப்பில் பட்டைகள் தெரிந்தன. கீற்றணி சில மீட்டர் தொலைவில் இருந்ததால், சிறு தொலைநோக்கி ஒன்றின் வழியே அதனைப் பார்த்தார். தொலைநோக்கியின் குவியத்தைக் கீற்றணியின் பரப்பில் சரியாக அமைத்தபோது பட்டைகள் மறைந்துவிட்டன.

இடம் விலகிய கோடுகள் ஒளியின் கட்டத்தையே மாற்றுகின்றன, செறிவை மாற்றுவதில்லை. எனவே குவியம் சரியாக அமைந்தால் எதுவும் தெரியாது என்பதைச் செர்னிக்கே உணர்ந்தார். அவர் மெல்லிய பள்ளம் அரிக்கப்பட்ட கண்ணாடித் தகடு ஒன்றை எடுத்து, முதன்மை நிறமாலைக் கோட்டின் ஒளி மட்டும் அப்பள்ளத்தின் வழியே செல்லுமாறு வைத்தார். குவியம் சரியாக இருந்த நிலையிலேயே பட்டைகள் தெளிவாகத் தெரிந்தன. நேரொளியின் கட்டத்தைத் தனியே மாற்றுவது என்ற கருத்து இவ்வாறு கண்முன் மெய்ப்பிக்கப்பட்டது.

நுண்ணோக்கியில் காணப்படும் ஒளி ஊடுருவும் பொருளும் இதே வகைச் சிக்கல் என்பதை அவர் விரைவில் கண்டார். இதற்கு வேண்டிய கோட்பாட்டு அடித்தளம் ஏற்கனவே இருந்தது. ஜெர்மனியின் யேனா நகரில் கார்ல் சைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய எர்ன்ஸ்ட் அபே, 1873 ஆம் ஆண்டில் நுண்ணோக்கியின் உருத்தோற்றம் பற்றிய கோட்பாட்டை வெளியிட்டிருந்தார. நேரொளியும் விளிம்பு விளைவால் விலகிய ஒளியும் மீண்டும் கூடுவதாலேயே உரு தோன்றுகிறது என்பது அக்கோட்பாடு. பொருளருகு வில்லையின் பின்குவியத் தளத்தில் இவ்விரண்டும் வெவ்வேறு இடங்களில் செல்கின்றன என்பதையும், அங்கு ஒரு பகுதி ஒளியை மறைத்தால் உரு மாறுகிறது என்பதையும் அபே சோதனைகளால் காட்டியிருந்தார். மறைப்பதற்குப் பதிலாகக் கட்டத்தை மாற்றலாம் என்பதே செர்னிக்கே சேர்த்த புதிய கருத்து.

ஏற்பும் தாமதமும்

1932 ஆம் ஆண்டில் செர்னிக்கே தம் முறையைச் செய்துகாட்ட யேனாவில் உள்ள சைஸ் நிறுவனத்துக்குச் சென்றார். அபேயின் கோட்பாடு பிறந்த இடமாதலால், அங்கு அது உடனே விளங்கும் என அவர் எதிர்பார்த்திருக்கலாம். ஆனால் எதிர்பார்த்த வரவேற்பு கிடைக்கவில்லை. இம்முறையால் நடைமுறைப் பயன் ஏதேனும் இருந்திருந்தால் தாங்களே அதனை எப்போதோ கண்டுபிடித்திருப்போம் என மூத்த அறிவியலாளர் ஒருவர் கூறியதாகச் செர்னிக்கே தமது நோபல் உரையில் குறிப்பிட்டுள்ளார்.

1934 ஆம் ஆண்டில் அவர் தம் முறையின் கோட்பாட்டை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். குழி ஆடிகளின் பிழையை அறியப் பயன்படும் கத்திமுனைச் சோதனையை ஆராய்ந்த அக்கட்டுரையில், அச்சோதனையின் மேம்பட்ட வடிவமாகக் கட்ட வேறுபாட்டு முறை அறிமுகப்படுத்தப்பட்டது. வில்லைகளின் பிழைகளை விவரிக்க இன்று பயன்படும் செர்னிக்கே பல்லுறுப்புக் கோவைகளும் இதே கட்டுரையில் இடம்பெற்றன.

சைஸ் நிறுவனத்தில் முன்மாதிரிக் கருவிகள் 1936 ஆம் ஆண்டளவில் உருவாயின. நிறுவனத்தைச் சேர்ந்த ஆகஸ்ட் கோலரும் லூஸ் என்பவரும் இம்முறையின் பயன்பாடு பற்றி 1941 ஆம் ஆண்டில் விரிவாக எழுதினர். அவ்வாண்டில்தான் கருவி உற்பத்திக்கு வந்தது. செய்துகாட்டியதற்கும் உற்பத்திக்கும் இடையே 9 ஆண்டுகள் கடந்திருந்தன. அதே நிறுவனத்தின் கர்ட் மிக்கேல், வெட்டுக்கிளியின் விந்தணுக்களை உருவாக்கும் உயிரணுக்கள் குன்றல் பிரிவு அடைவதை 1943 ஆம் ஆண்டளவில் திரைப்படமாகப் பதிவு செய்தார். சாயமேற்றி இறந்த நிலையில் அறியப்பட்டிருந்த குரோமோசோம்கள் உயிருள்ள உயிரணுவில் நகர்ந்து பிரிவதை அப்படம் காட்டியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்ப் பல நாட்டு நிறுவனங்கள் இக்கருவியை உருவாக்கத் தொடங்கின. 1952 ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகத்தின் ரம்போர்டு பதக்கமும், அடுத்த ஆண்டில் நோபல் பரிசும் செர்னிக்கேவுக்கு வழங்கப்பட்டன. பிறர் செய்ததைக் கற்றுக்கொள்வதில் மனித மனம் விரைவாக இருந்தாலும், பழைய கருத்தைப் புதிய துறையில் பொருத்திப் பார்ப்பதில் மிகவும் தாமதிக்கிறது என்ற கருத்தை அவர் தமது நோபல் உரையில் வெளியிட்டார். அபேயின் கோட்பாட்டுக்கும் கட்ட வேறுபாட்டு முறைக்கும் இடையே அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்ததை நோக்கின் இக்கருத்தின் பொருத்தம் விளங்கும்.

அமைப்பு

சாதாரண ஒளியியல் நுண்ணோக்கியில் இரு உறுப்புகளைச் சேர்ப்பதன் மூலம் கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கி உருவாகிறது.

வளையத் துளைத்தட்டு: இது பொருளுக்குக் கீழே, ஒளிகுவிப்பியின் முன்குவியத் தளத்தில் வைக்கப்படுகிறது. ஒளி புகாத தட்டில் வளைய வடிவத் துளை ஒன்று இருக்கும். இதனால் பொருளின்மீது விழும் ஒளி உள்ளீடற்ற கூம்பு வடிவம் பெறுகிறது.

கட்டத் தட்டு: இது பொருளருகு வில்லையின் பின்குவியத் தளத்தில் அமைகிறது. பொருளால் மாற்றப்படாத நேரொளி இத்தளத்தில் வளையத் துளையின் உருவாக விழும். அந்த உருவுக்குச் சரியாகப் பொருந்துமாறு தட்டில் வளையம் ஒன்று அமைக்கப்பட்டிருக்கும். இது கட்ட வளையம் எனப்படும். விலகிய ஒளியின் பெரும்பகுதி இவ்வளையத்துக்கு வெளியிலும் உள்ளிலும் உள்ள பரப்பின் வழியே செல்லும். எனவே நேரொளியின் கட்டத்தை மட்டும் தனியே மாற்ற முடிகிறது.

கட்ட வளையம் பள்ளமாகவோ மெல்லிய படலமாகவோ இருக்கலாம். ஒளிவிலகல் எண் 1.5 கொண்ட கண்ணாடியில் காற்றை நோக்கி அமைந்த பள்ளமாயின், பச்சை ஒளியில் கால் அலைநீள மாற்றத்துக்கு வேண்டிய ஆழம் சுமார் 275 நானோமீட்டர் மட்டுமே. நேரொளியின் செறிவைக் குறைப்பதற்காக வளையத்தின்மீது மெல்லிய உலோகப் படலம் பூசப்படுகிறது. இது நேரொளியில் ஏறத்தாழ 60 முதல் 90 விழுக்காட்டை உறிஞ்சுகிறது.

துளை வளையத்தின் உருவும் கட்ட வளையமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்த வேண்டும். சிறிது விலகினாலும் நேரொளி வளையத்துக்கு வெளியே கசிந்து, வேறுபாடு குறைந்துவிடும். இப்பொருத்தத்தைச் சரிபார்க்கக் கண்ணருகு வில்லையை நீக்கிவிட்டு அவ்விடத்தில் சிறு தொலைநோக்கி ஒன்றைப் பொருத்துவர். ஒவ்வொரு பொருளருகு வில்லைக்கும் அதற்குரிய அளவு கொண்ட வளையத் துளை தேவை. ஆகவே வெவ்வேறு துளைகளைக் கொண்ட சுழல்தட்டு ஒளிகுவிப்பியில் அமைக்கப்படுகிறது. கால் அலைநீளம் என்பது ஒரு குறிப்பிட்ட அலைநீளத்துக்கு மட்டுமே சரியாகப் பொருந்தும் என்பதால் பச்சை வடிகட்டி பயன்படுத்துவது வழக்கம்.

நேரொளியின் கட்டம் முன்னேற்றப்பட்டால், சூழலைவிட ஒளிவிலகல் எண் மிகுந்த பகுதிகள் இருண்டு தோன்றும். இது நேர் கட்ட வேறுபாடு எனப்படும். பெரும்பாலான கருவிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. நேரொளியின் கட்டம் பின்னடையச் செய்யப்பட்டால் அப்பகுதிகள் ஒளிர்ந்து தோன்றும். இது எதிர் கட்ட வேறுபாடு எனப்படும்.

பயன்பாடுகள்

உயிரணு வளர்ப்பு: ஆய்வகக் கிண்ணங்களில் வளர்க்கப்படும் உயிரணுக்களின் நலத்தையும் பெருக்கத்தையும் நாள்தோறும் சோதிக்க இக்கருவி பயன்படுகிறது. கிண்ணத்தின் அடிப்புறத்திலிருந்து நோக்குவதற்கு ஏற்றவாறு, பொருளருகு வில்லை கீழே அமைந்த தலைகீழ் நுண்ணோக்கிகள் இதற்கு உதவுகின்றன.

தசை ஆய்வு: தசை சுருங்கும்போது அதன் இழைகள் குறுகுவதில்லை, ஒன்றன்மீது ஒன்று வழுக்கிச் செல்கின்றன என்ற கருத்து 1954 ஆம் ஆண்டில் முன்வைக்கப்பட்டது. இதற்கு ஆதாரம் அளித்த இரு ஆய்வுகளுள் ஒன்றில், ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹேன்சனும் தனித்தெடுத்த தசை நுண்ணிழைகளைக் கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கியால் ஆராய்ந்தனர். சுருங்கும்போது ஒருவகைப் பட்டையின் நீளம் மாறாமலிருக்க, மற்றொரு வகைப் பட்டை மட்டும் குறுகுவதை அவர்கள் கண்டனர்.

இரத்தச் சோதனை: இரத்தத் தட்டணுக்கள் மிகச் சிறியவை, நிறமற்றவை. பிரெச்சர், குரோன்கைட் ஆகியோர் 1950 ஆம் ஆண்டில் வெளியிட்ட முறையில், அம்மோனியம் ஆக்சலேட் கரைசலால் சிவப்பணுக்கள் சிதைக்கப்பட்டு, எஞ்சிய தட்டணுக்கள் கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கியின் கீழ் எண்ணப்படுகின்றன. தானியங்கி எண்ணிகள் பரவிய பின்னரும், அவற்றின் அளவீடுகளை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் முறையாக இது நெடுங்காலம் விளங்கியது.

மருத்துவச் சோதனைகள்: விந்தணுக்களின் இயக்கத்தைச் சாயமின்றி மதிப்பிடவும், சிறுநீரில் காணப்படும் சிவப்பணுக்களின் வடிவத்தை ஆராயவும் இக்கருவி பயன்படுகிறது. உருக்குலைந்த சிவப்பணுக்கள் மிகுதியாக இருப்பின், குருதிக் கசிவு சிறுநீரகத்தின் வடிகட்டும் பகுதியிலிருந்து தோன்றியிருக்கலாம் என மருத்துவர்கள் கருதுகின்றனர்.

கல்நார் அளவீடு: பணியிடக் காற்றில் உள்ள கல்நார் இழைகளை எண்ணுவதற்கும் இக்கருவி பயன்படுகிறது. காற்று வடிதாளின் வழியே இழுக்கப்பட்டு, வடிதாள் ஒளி ஊடுருவும் நிலைக்கு மாற்றப்படுகிறது. பின்னர் 5 மைக்ரோமீட்டரைவிட நீளமான, அகலத்தைப் போல் குறைந்தது 3 மடங்கு நீளம் கொண்ட இழைகள் எண்ணப்படுகின்றன. கல்நார் இழைகளைச் சுவாசிப்பது நுரையீரல் நோய்களையும் புற்றுநோயையும் உண்டாக்கும் என்பதால் இவ்வெண்ணிக்கை தொழிலாளர் பாதுகாப்போடு நேரடித் தொடர்புடையது. மிக மெல்லிய இழைகள் இதில் தெரிவதில்லை. இழை கல்நாரா பிற பொருளா என்பதையும் இம்முறையால் மட்டும் உறுதி செய்ய இயலாது. அதற்கு மின்னணு நுண்ணோக்கி தேவைப்படுகிறது.

அளவிடும் கருவியாக

போரோசிலிகேட் கண்ணாடிக் கம்பி ஒன்றைச் சமையல் எண்ணெயில் அமிழ்த்தினால் அது ஏறத்தாழ மறைந்துவிடும். இரண்டின் ஒளிவிலகல் எண்களும் நெருங்கியிருப்பதே இதற்குக் காரணம். இதே தத்துவத்தை உயிரணுக்களுக்குப் பயன்படுத்தி, ராபர்ட் பாரரும் ஜோசப் என்பவரும் 1954 ஆம் ஆண்டில் ஒரு முறையை விவரித்தனர். வெவ்வேறு செறிவு கொண்ட புரதக் கரைசல்களில் உயிருள்ள உயிரணுக்கள் வைக்கப்பட்டுக் கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கியால் நோக்கப்படுகின்றன. எந்தக் கரைசலில் உயிரணு மறைகிறதோ, அதன் ஒளிவிலகல் எண்ணே உயிரணுவின் ஒளிவிலகல் எண் ஆகும்.

இதிலிருந்து உயிரணுவில் உள்ள திடப்பொருளின் செறிவையும் கணக்கிடலாம். ஒரு மில்லிலிட்டர் கரைசலில் ஒரு கிராம் புரதத்துக்கு ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 0.18 உயர்கிறது. ஆகவே உயிரணுவின் ஒளிவிலகல் எண் நீரைவிட 0.036 மிகுதியாக இருப்பின், அதன் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் சுமார் 0.2 கிராம் திடப்பொருள் உள்ளது எனலாம். உயிரணுவை உடைக்காமல், உலர்த்தாமல், அதனுள் இருக்கும் பொருளின் அளவை ஒளியால் மதிப்பிட இவ்வாறு வழி பிறந்தது.

குறைபாடுகள்

கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கி பிரிதிறனை உயர்த்துவதில்லை. ஒளியின் அலைநீளத்தால் வரையறுக்கப்படும் சுமார் 0.2 மைக்ரோமீட்டர் எல்லை இதற்கும் பொருந்தும். தவிர, பின்வரும் குறைபாடுகளும் உண்டு.

ஒளிவட்டம்: விலகிய ஒளியின் ஒரு சிறு பகுதியும் கட்ட வளையத்தின் வழியே செல்வதைத் தவிர்க்க இயலாது. இதனால் பொருளின் விளிம்பைச் சூழ்ந்து ஒளிர்ந்த வட்டம் ஒன்று தோன்றுகிறது. விளிம்பின் துல்லியமான இடத்தை அளப்பதற்கு இது இடையூறாகும்.

நடுப்பகுதி வெளிறல்: அகன்ற, சீரான பொருளின் விளிம்புகள் இருண்டு தோன்றினாலும், அதன் நடுப்பகுதி பின்னணியின் வெளிச்சத்தை நெருங்கிவிடும். பொருளின் தடிமன் நடுவில் குறைந்துள்ளது எனத் தவறாகக் கருத இது இடமளிக்கும்.

தடித்த பொருள்கள்: குவியத் தளத்துக்கு மேலும் கீழும் உள்ள பகுதிகள் விலக்கும் ஒளி காட்சியைக் குழப்பும். கட்ட மாற்றம் மிகும்போது இருளும் ஒளியும் இடம் மாறித் தோன்றுவதும் உண்டு. எனவே இம்முறை மெல்லிய பொருள்களுக்கே ஏற்றது.

தொடர்புடைய முறைகள்

1950களில் ஜார்ஜஸ் நோமார்ஸ்கி உருவாக்கிய வகையீட்டுக் குறுக்கீட்டு நுண்ணோக்கி, முனைவுற்ற ஒளியைச் சற்றே விலகிய இரு கற்றைகளாகப் பிரித்து, அவற்றின் கட்ட வேறுபாட்டிலிருந்து உருவை அமைக்கிறது. இதில் ஒளிவட்டம் தோன்றுவதில்லை. பொருள் புடைப்புச் சிற்பம் போலத் தெரியும். ஆனால் முனைவு நிலையை மாற்றும் நெகிழிக் கிண்ணங்களில் இது சரிவர இயங்குவதில்லை. கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கிக்கு அத்தடை இல்லை. உயிரணு வளர்ப்புக்கூடங்களில் அது தொடர்ந்து பயன்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இலக்கமுறை முழுப்பட நுண்ணோக்கி போன்ற பிற்கால முறைகள், கட்டத்தை வெளிச்சமாகக் காட்டுவதோடு நில்லாமல், காட்சியின் ஒவ்வொரு புள்ளியிலும் அதன் மதிப்பைக் கணினியின் உதவியால் எண்ணாகவே தருகின்றன. எக்ஸ் கதிர்களை மிகக் குறைவாக உறிஞ்சும் மென்திசுக்களைக் காணவும் கட்ட வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்ட முறைகள் உருவாகியுள்ளன. உறைநிலை மின்னணு நுண்ணோக்கியிலும் இதே சிக்கல் எழுகிறது. பனிப் படலத்தில் உறைந்த புரத மூலக்கூறுகள் மின்னணு அலைகளுக்குக் கட்டப் பொருள்களாகவே அமைகின்றன. அவற்றின் வேறுபாட்டை உயர்த்தக் கட்டத் தட்டுகள் பயன்படுத்தப்பட்டுள்ளன. 2014 ஆம் ஆண்டில் அறிமுகமான வோல்ட்டா கட்டத் தட்டு அவற்றுள் ஒன்று. அலையின் வகையும் அலைநீளமும் மாறினாலும், நேரே வந்த அலையைத் தனியே திருப்பி விலகிய அலையோடு கூட்டுவது என்ற செர்னிக்கேவின் தத்துவமே அதிலும் பயன்படுகிறது.